காலி வார்டும் காமிராவும்

பிலடெல்ஃபியா நகரின் வடகிழக்கில், பைபெர்ரி என்ற இடத்தில் ஒரு மனநோய் மருத்துவமனை இருந்தது. அரசாங்கக் காகிதங்களில் பிலடெல்ஃபியா ஸ்டேட் ஹாஸ்பிடல். ஊர்க்காரர்களுக்கு வெறும் பைபெர்ரி. இந்த ஒரே இடத்தைப் பற்றி இரண்டு வகைப் புகைப்படங்கள் நமக்குக் கிடைக்கின்றன.

முதல் வகை, இரண்டாம் உலக யுத்தத்தின் காலத்தவை. ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவர்களை அமெரிக்க அரசு மாற்றுப் பணிகளுக்கு அனுப்பியது. அவர்களில் சுமார் 3,000 பேர் மனநோய் மருத்துவமனைகளில் வார்டு ஊழியர்களானார்கள். அப்படி பைபெர்ரிக்குப் போன சார்ல்ஸ் லார்ட், அங்கே கண்டதை ரகசியமாகப் படம் எடுத்தார். 1946 மே மாதம் 'லைஃப்' பத்திரிகை அவற்றில் சிலவற்றை வெளியிட்டது. துணியில்லாத ஆண்கள், மேஜை நாற்காலி எதுவுமற்ற ஒரு கூடத்தில், சுவரோரமாகக் குந்தியும் நின்றும் இருக்கிறார்கள். படங்களில் கலை நயம் என்று சொல்ல ஏதுமில்லை. சட்டகத்தைப் பற்றி யோசிக்க எடுத்தவருக்கு அவகாசம் இருந்திருக்காது.

இரண்டாம் வகை, 1990-இல் மருத்துவமனை மூடப்பட்ட பிறகு எடுக்கப்பட்டவை. 2006-இல் அது இடிக்கப்படும் வரை, வேலியைத் தாண்டி, டார்ச் விளக்கோடு உள்ளே போய் வந்தவர்கள் பலர். அவர்கள் எடுத்த படங்களில் நீண்ட தாழ்வாரம் இருக்கிறது. பெயிண்ட் இலை இலையாக உரிந்து தொங்குகிறது. ஜன்னல் வழி வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. மனிதர் யாரும் இல்லை. இந்தப் படங்கள் அழகாக இருக்கின்றன.

இந்த அழகைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதை உதறித் தள்ளுவதற்காக அல்ல. முதல் தடவை பார்த்தபோது நானும் அதில் கட்டுண்டவன்தான். ஒரு நண்பர் வீட்டில் இந்த மாதிரிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் இருந்தேன். வீடு திரும்பும்போது, எந்தப் படத்தை எங்கே எடுத்தது என்பது ஒன்றுகூட நினைவில் இல்லை என்பதைக் கவனித்தேன். அந்த மறதி என் குறையா, படங்களின் குறையா என்ற கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

கைவிடப்பட்ட மருத்துவமனைகளுக்குள் நுழைந்து படம் எடுப்பது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஒரு தனி ரசனைத் துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று ஒழுக்க விதிகளும் உண்டு. எதையும் எடுத்து வரக்கூடாது, எதையும் உடைக்கக்கூடாது, நுழைந்த வழியை ஊருக்குச் சொல்லக்கூடாது. ஆபத்தும் உண்டு. உளுத்த தரை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி, ஈயம் கலந்த பெயிண்டின் பொடி, போலீஸ். மின்சாரம் இல்லாத கட்டிடம் என்பதால் காமிராவை முக்காலியில் நிறுத்திப் பல வினாடிகள் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நீண்ட வினாடிகளில் இருளும் ஒளியும் ஒன்றோடொன்று இழைந்து, கண்ணுக்கு நேரில் கிடைக்காத ஒரு மிருதுத்தன்மை படத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு சக்கர நாற்காலியை மூலையிலிருந்து இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் படம் எடுப்பதும் நடக்கிறது. எதையும் தொடாதே என்ற விதி அந்த இடத்தில் மட்டும் சற்றுக் கண் மூடிக்கொள்கிறது.

உரிந்து தொங்கும் அந்தப் பெயிண்டை எடுத்துக்கொள்வோம். இந்த வகைப் படங்களின் மூலப்பொருள் அதுதான். பார்க்கிறவன் அதைக் காலத்தின் கைவேலை என்று படிக்கிறான். கோயில் மண்டபத்தில் மழுங்கிய சிற்பத்தைப் பார்க்கும்போது எழுகிற உணர்வு இங்கேயும் எழுகிறது. ஆனால் நடந்தது வேறு. குளிர் நாட்டில் ஒரு பெரிய கட்டிடத்தின் பாய்லரை நிறுத்திவிட்டால், முதல் குளிர்காலத்திலேயே குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கிறது. கூரை ஒழுக்கை யாரும் பார்ப்பதில்லை. காரை ஈரத்தைக் குடிக்கிறது, உறைகிறது, இளகுகிறது. மேலே அடுக்கடுக்காகப் பூசியிருந்த பெயிண்ட் பிடிப்பு விட்டுச் சுருண்டு கொள்கிறது. இதற்கு நூற்றாண்டுகள் தேவையில்லை. சில குளிர்காலங்கள் போதும். அதாவது நாம் படத்தில் பார்ப்பது ஒரு அரசாங்கம் செலவை நிறுத்திக்கொண்டதன் விளைவை. அதைக் காலம் என்று அழைக்கும்போது, ஒரு தீர்மானத்தை எடுத்தவர்கள் காட்சியிலிருந்து நழுவிவிடுகிறார்கள். யார் பேரிலும் குற்றமில்லாத சோகம் ஒன்று மிஞ்சுகிறது. அந்தச் சோகம் அனுபவிக்கச் சுகமானது.

ஜன்னல் வெளிச்சத்துக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைட் என்ற பிலடெல்ஃபியா டாக்டர் 1854-இல், மனநோயாளிகளுக்கான மருத்துவமனைகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். நடுவே நிர்வாகக் கட்டிடம். இரு பக்கமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி அமைந்த சிறகுகள். ஒவ்வொரு வார்டுக்கும் காற்றும் வெயிலும் வந்தாக வேண்டும். சுற்றிலும் தோட்டமும் வயலும். கட்டிடமே மருந்து என்பது அவர் நம்பிக்கை. 250 பேருக்கு மேல் ஒரு மருத்துவமனையில் இருக்கலாகாது என்றும் வற்புறுத்தினார். அவர் திட்டத்தைத் தழுவி மாசசூசெட்ஸில் 1878-இல் திறக்கப்பட்டது டான்வர்ஸ் மருத்துவமனை. சுமார் 500 பேருக்கென்று கட்டிய அந்த இடத்தில் 1930களின் இறுதியில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். தாழ்வாரத்தில் கட்டில்கள் போட்டார்கள். ஆக, இன்று காலித் தாழ்வாரத்தில் விழுவதாக நாம் ரசிக்கும் அந்த வெயில், ஒருவருக்கு மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்ட வெயில். பெரும்பாலானவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. காமிராக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கட்டிடங்கள் காலியான கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை 1955-இல் உச்சத்தைத் தொட்டது; 5,50,000-க்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டுதான் குளோர்ப்ரோமசைன் என்ற மருந்து அங்கே புழக்கத்துக்கு வந்திருந்தது. 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், இந்தப் பெரிய ஸ்தாபனங்களுக்குப் பதிலாக ஊருக்கு ஊர் சிறு சிகிச்சை மையங்கள் வரும் என்றது. மருத்துவமனைகள் காலியாயின. மையங்கள் திட்டமிட்ட அளவுக்கு வரவில்லை. வெளியே வந்தவர்களில் வீடு கிடைத்தவர்கள் உண்டு, வேலை கிடைத்தவர்கள் உண்டு, தெருவுக்கும் சிறைக்கும் போனவர்களும் உண்டு. ஆளற்ற வார்டின் படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது. படம் அந்தக் கேள்வியை எழுப்பாவிட்டால் அது ஒரு சுவரின் படம் மட்டுமே.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். கலைக்குச் சமூக சேவையின் சுமையை ஏற்றுகிறாய். புகைப்படக்காரன் என்ன ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்டரா? நியாயமான மறுப்பு. ஆகவே நான் அறத்தின் பேரால் பேசவில்லை, பார்வையின் கூர்மை குறித்தே பேசுகிறேன் என்று தெளிவுபடுத்த ஒரு உதாரணம் தருகிறேன்.

மூன்று இடங்கள். ஒன்று, மேலே சொன்ன டான்வர்ஸ். இரண்டாவது, பெர்லினுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் பேலிட்ஸ். 1898-இல் தொடங்கி, பெர்லின் தொழிலாளர்களின் காப்பீட்டு நிறுவனம் காசநோயாளிகளுக்காகக் கட்டியது. காற்றுதான் அங்கே சிகிச்சை. படுத்துக்கொண்டே காற்று வாங்க நீண்ட திறந்த தாழ்வாரங்கள் கட்டினார்கள். முதல் யுத்தத்தில் அது ராணுவ மருத்துவமனையானபோது, 1916-இல் காலில் காயத்தோடு வந்து படுத்திருந்தவர்களில் ஹிட்லரும் ஒருவர். 1945-க்குப் பின் சோவியத் ராணுவம் அதை 1990களின் நடுப்பகுதி வரை தன் மருத்துவமனையாக வைத்திருந்தது. மூன்றாவது, வேல்ஸில் உள்ள டென்பி. 1848-இல் திறக்கப்பட்டது. ஆங்கிலம் தெரியாத வெல்ஷ்காரர்கள் இங்கிலாந்தின் மனநோய் விடுதிகளில் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச வழியின்றிக் கிடந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் பாஷையிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அது எழுந்ததற்கு முக்கியக் காரணம்.

நுரையீரல் நோய்க்காகக் கட்டியது ஒன்று, பாஷைக்காகக் கட்டியது ஒன்று, வெயிலை மருந்தாக நம்பிக் கட்டியது ஒன்று. மூன்றையும் பற்றி ஏராளமான படங்கள் இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டு அந்தப் படங்களைக் கலைத்துப் போட்டால் எது எந்த இடம் என்று பிரித்தெடுப்பது சிரமம். அதே தாழ்வாரம், அதே சக்கர நாற்காலி, அதே வெளிச்சம். இவ்வளவு வெவ்வேறான மூன்று வாழ்க்கைகளை ஒரே படமாக்கிவிடுகிற ஒரு பாணியை நான் பார்வை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பழக்கம். தயாராக இருக்கும் ஒரு உணர்ச்சியை எந்தச் சுவரின் மீது வேண்டுமானாலும் பூசிவிடும் பழக்கம். ஆக, இது முதலில் கலையின் தோல்வி. அறத்தின் தோல்வி அதைத் தொடர்ந்து வருகிறது. அன்று மாலை எனக்கு ஒரு படமும் நினைவில் நிற்காததன் காரணமும் இதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு வெளியே, அல்லது அதற்குள்ளிருந்தே திமிறிக்கொண்டு, வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கலாம்.

கிறிஸ்டோபர் பெய்ன் கட்டிடக் கலை பயின்றவர். 2002-இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளுக்குப் போய்ப் பெரிய வடிவக் காமிராவில் படம் எடுத்தார். 2009-இல் வந்த 'அசைலம்' என்ற அவர் புத்தகத்துக்கு, இப்படிப்பட்ட மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்த ஆலிவர் சாக்ஸ் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அசைலம் என்ற சொல்லுக்குப் புகலிடம் என்று ஒரு பழைய பொருள் உண்டு என்பதை அவர் நினைவுபடுத்துகிறார். அது காது கொடுக்க வேண்டிய குரல். இந்த இடங்கள் எல்லாமே நரகம் என்பதும் ஒரு சோம்பேறித்தனமான முடிவுதான். இங்கே பால் பண்ணை இருந்தது, செருப்புப் பட்டறை இருந்தது, நாடக மேடை இருந்தது. நோயாளிகள் உழைத்தார்கள். கூலியில்லாத உழைப்பு என்பது உண்மை. கூலி தர வேண்டும் என்று 1973-இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பல இடங்களில் கூலி தருவதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டார்கள். சுரண்டல் போயிற்று, அதோடு, பகலில் கைகளுக்கு இருந்த காரியமும் போயிற்று. இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடிகிறவனுக்கே இந்தக் கட்டிடங்களைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டு.

பெய்னின் புத்தகத்தில் முகப்புகளும் தாழ்வாரங்களும் நிறைய. அவற்றில் அவர் மற்றவர்களைவிடத் தேர்ந்த கைவினைஞர், அவ்வளவுதான். ஆனால் ஹட்சன் ரிவர் மருத்துவமனையில் எடுத்த ஒரு படம் என்னை நிறுத்தியது. சுவரில் ஒரு அலமாரி. உள்ளே வரிசை வரிசையாகக் கொக்கிகள். கொக்கிகளில் பல் பிரஷ்கள் தொங்குகின்றன, நோயாளிகளின் பெயர்ச் சீட்டுகளோடு. வெயில் இல்லை, உரிந்த சுவர் இல்லை. இந்த ஒரு படத்தில் ஸ்தாபனம் முழுவதும் இருக்கிறது. எல்லோருடைய காலை நேரத்தையும் ஒரே அலமாரிக்குள் அடக்கிய ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குக்குள் இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு மிஞ்சிய இரண்டு அங்குலமும் இருக்கிறது. போகும்போது அவர்கள் இதை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏன்? படம் பதில் சொல்வதில்லை. ஆனால் கேட்க வைக்கிறது. மற்ற நூறு தாழ்வாரங்கள் செய்யாத காரியம் அது.

நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையில் இருந்த வில்லார்ட் மருத்துவமனை 1869-இல் திறந்து 1995-இல் மூடப்பட்டது. மூடும் சமயத்தில் பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. 1910களிலிருந்து 1960கள் வரை அங்கே சேர்க்கப்பட்டவர்கள் கையோடு கொண்டு வந்தவை. வார்டுக்குள் போகுமுன் வாங்கி வைத்த பெட்டிகள் திரும்பக் கொடுக்கப்படவில்லை. மாநில அருங்காட்சியகம் அவற்றைக் காப்பாற்றியது. 2011 முதல் ஜான் கிறிஸ்பின் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படம் எடுத்தார். தையல் சாமான், அலாரம் கடிகாரம், காலணி, கடிதம், குடும்பப் படம். பல பொருள்களை அருங்காட்சியகத்தார் காகிதத்தில் பொதிந்து நாடாவால் கட்டி அடையாளச் சீட்டு மாட்டியிருந்தார்கள். அவர் அந்தப் பொதியையும் சேர்த்தே படம் பிடித்திருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்தப் பொருளை ஒருவர் முதலில் வைத்திருந்தார், பிறகு வேறொருவர் பத்திரப்படுத்தினார் என்ற இரண்டு கைகளின் தடம் அதில் இருக்கிறது.

ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அலாரம் கடிகாரத்தைப் பெட்டியில் வைக்கிறாள் என்றால், எழுந்து போக ஒரு காலை நேரம் தனக்கு இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்த்தால் அது கதையாகிவிடும். கிறிஸ்பின் சேர்க்கவில்லை. அது அவர் பலம்.

ஆனால் அவர் படங்களில் பெட்டிக்காரர்களின் குடும்பப் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் இறந்தவர்களுக்கும் பொருத்துகிறது. இதே வில்லார்டின் மயானத்தில் ஏறத்தாழ 5,800 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எண்கள்தான் அடையாளம். அவர்களில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குழி வெட்டியவர் அங்கேயே நோயாளியாக இருந்த ஒருவர்; 1968-இல் தொண்ணூறு வயதில் இறந்து, அவரும் அங்கேயே புதைக்கப்பட்டார். அவர் பெயரைக் கல்லில் பொறிக்கப் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. 2015-இல்தான் கல் வந்தது.

அந்தரங்கம் யாருக்காக? 1967-இல் ஃப்ரெடரிக் வைஸ்மன் 'டிடிகட் ஃபாலீஸ்' என்ற ஆவணப் படத்தில், மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டர் விடுதியில் மனநோயுற்ற கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைக் காட்டினார். உள்ளே இருந்தவர்களின் அந்தரங்கத்துக்குப் பங்கம் என்று மாநில அரசு வழக்காடிப் படத்துக்குத் தடை வாங்கியது. பொதுமக்கள் பார்க்கலாம் என்று தீர்ப்பாக 1991 ஆயிற்று. அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிர்வாணமாக நிற்கும் ஒருவரைக் கேட்காமல் படம் எடுக்கலாமா என்பது லார்டின் படங்களையும் துரத்தும் கேள்வி. அதற்குச் சுலபமான விடை கிடையாது. ஆனால் ஒருவரை நிர்வாணமாக நிறுத்தி வைத்திருந்த அதே ஸ்தாபனம், அவர் மானத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகும்போது நாம் கொஞ்சம் சந்தேகப்படலாம். ஆளற்ற வார்டுகளின் அழகு இந்தச் சிக்கல் அத்தனையிலிருந்தும் தப்பித்துக்கொள்கிறது. அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முகமே இல்லாததால் முகத்தை மறைக்கவும் வேண்டாம். இந்தக் கலையின் பிரபல்யத்துக்கு இந்த வசதி ஒரு பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாமவர் டேவிட் மெய்செல். அவரை நான் பெரும் தயக்கத்தோடு அணுகி, கடைசியில் தோற்றுப் போனேன். ஒரிகன் மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் 1883-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே இறந்து, உறவினர் யாரும் வராமல் எரியூட்டப்பட்டவர்களின் சாம்பலை, 1910கள் தொடங்கி 1970கள் வரை செப்பு டப்பாக்களில் அடைத்து வைத்தார்கள். சுமார் 3,500 டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் எண். ஒரு கட்டத்தில் தண்ணீர் புகுந்த நிலவறையில் அவை கிடந்தன. செம்பு களிம்பேறியது. ஒவ்வொரு டப்பாவிலும் களிம்பு வெவ்வேறு விதமாகப் பூத்தது. ஒன்றில் நீலம், ஒன்றில் பாசிப் பச்சை, ஒன்றில் உப்புப் படிந்த வெள்ளை. மெய்செல் இவற்றைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பெரிதாகப் படம் எடுத்தார். 'லைப்ரரி ஆஃப் டஸ்ட்' என்ற பெயரில் 2008-இல் புத்தகமாக வந்தது.

இந்தப் படங்கள் கண்ணைப் பறிக்கும் அழகு. நான் இதுவரை சொன்னவற்றின்படி இவற்றைக் கண்டித்திருக்க வேண்டும். பிறர் அஸ்தியிலிருந்து வர்ணம் பிரித்தெடுப்பதா? ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, இந்த அழகு உரிந்த பெயிண்டின் அழகிலிருந்து வேறானது என்று பட்டது. தாழ்வாரங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. இந்த டப்பாக்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எல்லோரையும் ஒரே அளவு டப்பாவில் போட்டு எண் குத்திய ஸ்தாபனம், அவர்களைச் சரிசமமாக அழித்துவிட்டதாக நினைத்திருக்கும். தண்ணீரும் உப்பும் செம்பும் சேர்ந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக்கிவிட்டன. மெய்செல் இதைக் கண்டுகொண்டார். எண்ணை அவர் மறைக்கவுமில்லை, களிம்பைத் துடைக்கவுமில்லை. ஒரு முகத்தை எடுப்பதற்குக் காட்டும் மரியாதையோடு ஒவ்வொன்றின் முன்னும் நின்றிருக்கிறார்.

புத்தகத்தின் தலைப்பு அவருடையதல்ல. அங்கே துப்புரவு வேலைக்கு அழைத்து வரப்பட்ட சிறைக் கைதிகளில் ஓர் இளைஞன், டப்பாக்கள் அடுக்கிய அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்ன வார்த்தை அது என்று மெய்செல் எழுதுகிறார். தூசியின் நூலகம். மனநோய் விடுதிகள் காலியான தேசத்தில் சிறைகள் நிரம்பின. அந்தச் சிறையிலிருந்து வந்த ஒருவன் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர் வைக்கிறான். இதைவிடச் சரியான விமர்சகன் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்திருக்க மாட்டான். பின்னர் மாநில அரசு அந்த மனிதர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. உறவினர்கள் தேடி வந்து சிலருடைய அஸ்தியைப் பெற்றுப் போனார்கள். 2014-இல் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது.

இந்த வரிசையில் புகைப்படக்காரர் அல்லாத ஒருவரையும் சேர்க்க வேண்டும். அன்னா ஷுலைட். மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் மருத்துவமனை மூடிக் கிடந்தபோது, 2000 நவம்பரில் ஒரு நாள், கட்டிடம் முழுவதும் ஒலிபெருக்கிகளை வைத்து, பாக்கின் 'மாக்னிஃபிகட்' இசையை 28 நிமிடம் ஜன்னல்கள் வழியே வழிய விட்டார். முன்னாள் நோயாளிகளும் ஊழியர்களும் ஊராரும் வெளியே நின்று கேட்டார்கள். 2003-இல் பாஸ்டனில் மூடப்படவிருந்த ஒரு மனநோய் மருத்துவமனையின் தாழ்வாரங்களை 28,000 பூந்தொட்டிகளால் நிரப்பினார். மற்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் தலைமாட்டில் பூ இருக்கும், இங்கே யாரும் பூ கொண்டு வருவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். நான்கு நாள் கழித்துப் பூக்கள் வேறு மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் போயின. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் காலித் தாழ்வாரத்தைக் கடன் தீர்க்க வேண்டிய இடமாகப் பார்த்தார் என்பது. தாமதமாக வந்த பூவால் பயனில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த இடத்தை வருஷக்கணக்கில் அறிந்தவர்கள் அங்கே வந்து நின்றார்கள். அங்கே ஆள் இருந்தது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எழுதுகிறவர்களுக்கு இதில் காரியம் இருக்கிறது. வெறுமை என்ற சொல்லின் மீது நம் புதுக்கவிதைக்கு ஒரு மோகம் உண்டு. பூட்டிய வீடு, ஆளற்ற பிளாட்பாரம், காலி நாற்காலி. நானும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு ஆழம் தானாகக் கூடி வருவதுபோல் இருக்கும். இந்தப் படங்களைப் பார்த்த பிறகு அந்த ஆழத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. நாற்காலி காலியாக இருந்ததா, அல்லது உட்கார்ந்திருந்தவரை எழுதத் திராணியில்லாமல் நான் எழுப்பி அனுப்பிவிட்டேனா? மனிதர்கள் போன பிறகு வருவது காமிராவுக்கும் எழுத்துக்கும் ரொம்ப வசதி. அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நாம் எடுத்ததைப் பார்த்துவிட்டு, நான் இப்படி இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

வெறுமையை எழுதக்கூடாது என்று சட்டம் போடுவது என் நோக்கமில்லை. பல் பிரஷ் அலமாரியும் ஆளற்ற படம்தான். செப்பு டப்பாவும் ஆளற்ற படம்தான். அவற்றில் யாரோ இல்லை என்பது தெரிகிறது. தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. இந்த வித்தியாசத்தை ஒரு படைப்பில் கண்டுகொள்ள முடியாதவனோடு நான் மேற்கொண்டு விவாதிக்க ஒன்றுமில்லை.

டான்வர்ஸின் பெரும்பகுதியை 2006 வாக்கில் இடித்து, நடுக்கட்டிடத்தின் முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அதன் மயானத்திலும் முன்பு எண் கற்கள்தான். அங்கே முன்பு நோயாளிகளாக இருந்தவர்களே கூடி, பழைய பதிவேடுகளைத் துழாவி, எண்களுக்குரிய பெயர்களைத் தேடிப் பொறித்தார்கள். அவர்கள் கையில் காமிரா இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பைபெர்ரி இருந்த நிலத்திலும் இப்போது வயதானவர்களுக்கான வீடுகள் இருக்கின்றன. கட்டிடம் இல்லை, உரிவதற்குச் சுவர் இல்லை. மிஞ்சியிருப்பவை இரண்டு வகைப் புகைப்படங்கள். அவசரத்தில், கோணல்மாணலாக, பயத்தோடு எடுத்த அந்த முதல் வகையில், கூடத்தின் ஓரத்தில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை எனக்கு மறக்கவில்லை.